தம்பியின் தலைக்குள் போகும் கம்பி எதற்காக?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். 17 வயதில் வலிப்பு தொடங்கியது. கை கால் இழுத்துக் கீழே விழுவதில்லை. இரண்டு நிமிடம் வெறித்துப் பார்ப்பான், வாயை மெல்லுவான், சட்டைப் பொத்தானைத் திருகுவான். பிறகு கேட்டால் எதுவும் தெரியாது என்பான். மூன்று மருந்து மாற்றியும் மாதம் நாலைந்து முறை வருகிறது. ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்க, மூளைக்குள் கம்பிகள் வைத்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கப் போகிறார்களாம். அந்த நாட்களில், ‘மனித மூளை நினைவை எப்படி உருவாக்குகிறது’ என்ற ஆராய்ச்சியிலும் கலந்துகொள்ளச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவன் உற்சாகமாகச் சம்மதித்துவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஆராய்ச்சிக்காகத்தான் கம்பி வைக்கிறார்களா? அவன் மனதில் இருப்பதைப் படித்துவிடுவார்களா? கரண்ட் கொடுப்பார்களா? ஏற்கெனவே மறதி அதிகம், இன்னும் மோசமாகுமா? பேசாமல் இந்தியாவுக்கே கூட்டி வந்துவிடலாமா?
— வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: இல்லை. கம்பி வைப்பது வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க. ஆராய்ச்சி அதன் மேல் ஒட்டிக்கொண்டு வருவது. இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், வெறித்த பார்வை, மெல்லுதல், பொத்தானைத் திருகுதல், எல்லாம் டெம்போரல் பகுதியில், அதாவது காதுக்கு உட்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பைப் பெரும்பாலும் காட்டுபவை. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், மூன்றாவது மருந்தில் நிற்கும் வாய்ப்பு குறைவு. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில்தான் இருக்கிறார். அவர்களில் சிலருக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தை அகற்றினால் குணமாகலாம். ஆனால் அந்த இடம் எது? எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிந்தால் கம்பி தேவைப்படாமலே போகலாம். தெரியாவிட்டால், அல்லது இடமா வலமா என்று குழப்பம் இருந்தால், உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும்.

தலைக்கு மேல் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. போதாதா என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். நூறு வருடமாக அந்த முறை நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே நாதஸ்வரம் நடக்கிறதா, பந்தி நடக்கிறதா என்று தெரியும். மூலையில் இரண்டு பேர் பேசுவது கேட்காது. மண்டை ஓடு அந்தச் சுவர். உங்கள் தம்பியின் பிரச்சினை இருக்கக்கூடிய ஹிப்போகேம்பஸ், நினைவுக்கு அவசியமான பகுதி, மூளையின் ஆழத்தில் விரல் நீளத்துக்கு வளைந்து கிடக்கிறது. அங்கே நடக்கும் சின்ன மின்வெடிப்பு பல நேரம் தலையின் மேல்பகுதிக்கு வந்து சேருவதே இல்லை.

அதனால்தான் ஸ்டீரியோ இ.இ.ஜி. பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் தலெராக், பான்கோ என்ற இருவர் 1950-60களில் உருவாக்கிய முறை. சுமார் 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள எலெக்ட்ரோடுகள் (நீங்கள் சொல்லும் கம்பிகள்), ஒருவருக்கு ஏறக்குறைய பத்திலிருந்து பதினைந்து, மயக்கத்தில் வைத்துச் சிறு துளைகள் வழியே உள்ளே வைப்பார்கள். மண்டை ஓட்டைத் திறப்பதில்லை. அப்புறம் மருந்தை மெல்லக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வலிப்பை நாமே வரவேற்கும் ஒரே இடம் அதுதான். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நூறு பேரில் ஒருவர் என்ற அளவில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவதுண்டு, தொற்றும் ஏறக்குறைய அதே அளவு. அந்த ஆபத்தை உங்கள் தம்பி ஏற்பது தன் சிகிச்சைக்காக. படிவத்தில் ‘மாட்டேன்’ என்று எழுதினாலும் இந்தக் கம்பிகள் உள்ளே போகத்தான் போகின்றன.

சரி, காத்திருக்கும் நாட்களில் என்ன நடக்கும்? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. தலையில் துணிக்கட்டு, அதிலிருந்து ஒரு கொத்து ஒயர், அது சுவரோரப் பெட்டிக்குப் போகும். இருபத்து நாலு மணி நேரமும் கேமரா. எழுந்து கழிவறைக்குப் போவதற்கும் துணைக்கு ஆள் வேண்டும். டி.வி., போன், தூக்கம். அந்த வெறும் நேரத்தைத்தான் ஆராய்ச்சிக் குழு கேட்கிறது.

ஏன் இவரைப் போய்க் கேட்கிறார்கள் என்றால், வேறு யாரையும் கேட்க முடியாது. ஆரோக்கியமான ஒருவர் மூளையில் ஆராய்ச்சிக்காகக் கம்பி வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. எலி, குரங்கு மூளைகளில் பார்க்கலாம். ஆனால் எலியிடம் போய் ‘நேற்று என்ன படம் பார்த்தாய்?’ என்று கேட்க முடியாதே. நடந்ததை வாயால் சொல்லக்கூடிய ஒருவருக்குள், நரம்பணு (மூளையின் செல்) அளவில் நினைவு உருவாவதைப் பார்க்க இன்றைக்கு இருக்கும் ஜன்னல் கிட்டத்தட்ட முழுக்க வலிப்பு நோயாளிகள் கொடுத்தது.

உங்கள் தம்பிக்கு அநேகமாக முதலில் வார்த்தைப் பட்டியல்தான் வரும். மடிக்கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு வார்த்தைகள். உடனே இருபது விநாடி ஏதாவது கூட்டல் கணக்கு, மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க. அப்புறம் அரை நிமிடத்தில் ஞாபகம் வரும் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். அடுத்த பட்டியல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கஹானாவின் குழு பல வருடங்களாகப் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து நடத்தும் சோதனை இந்த வகைதான். செய்பவருக்குச் செம போர் அடிக்கும். அழகு அதன் பின்னால் நடக்கும் கணக்கில் இருக்கிறது. பிற்பாடு ஞாபகம் வந்த வார்த்தைகள் ஒரு பக்கம், மறந்துபோனவை ஒரு பக்கம் என்று பிரித்து, அந்தந்த வார்த்தை திரையில் இருந்த விநாடியில் மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். அதாவது, மறக்கப்போகிறோம் என்று நமக்கே தெரியாத கணத்தில், அந்த மறதியின் சாயல் மின்பதிவில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

இருக்கிறது. ஜெர்மனியில் பான் நகரக் குழு ஒன்று 1999-இல் காட்டியது இது: பிற்பாடு நினைவில் நின்ற வார்த்தைகளுக்கும் நிற்காதவற்றுக்கும் இடையே வித்தியாசம் முதலில் ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்தில் உள்ள ரைனல் புறணியில், வார்த்தை தெரிந்து சுமார் 300 மில்லி விநாடியில் தொடங்குகிறது. ஹிப்போகேம்பஸில் சுமார் 500 மில்லி விநாடியில். கண் சிமிட்டி முடிப்பதற்குள் ஒரு வார்த்தையின் தலையெழுத்து ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இதில் தாளமும் முக்கியம். ஹிப்போகேம்பஸ் பகுதியில் விநாடிக்கு 3 முதல் 8 முறை ஏறி இறங்கும் தீட்டா அலை ஒன்று உண்டு. நரம்பணுக்கள் அந்த அலையோடு ஒட்டித் துடிக்கும்போது, அதாவது மின்துடிப்பு விடும்போது, பார்த்த படங்கள் பிற்பாடு நன்றாக ஞாபகம் இருக்கின்றன என்று ஊலி ரூட்டிஸ்ஹவுசரும் கூட்டாளிகளும் 2010-இல் வெளியிட்டார்கள். எத்தனை நரம்பணு துடித்தது என்பதைவிட எந்தத் தருணத்தில் துடித்தது என்பதே அங்கே நினைவின் பலத்தோடு சேர்ந்து போனது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று.

ஒற்றை நரம்பணுவை எப்படிக் கேட்கிறார்கள்? சில மையங்களில் எலெக்ட்ரோடின் நுனியிலிருந்து 40 மைக்ரான் கனமுள்ள நுண்கம்பிகள் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைமுடியின் பாதிக் கனம்தான். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இட்ஸாக் ஃப்ரீட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரின் குழு இதில் முன்னோடி. 2005-இல் அவரும் ரோட்ரிகோ கியான் கிரோகாவும் சேர்ந்து வெளியிட்ட ஒரு முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. ஒரு நோயாளியின் ஒரு நரம்பணு, நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் விதவிதமான படங்களுக்கு மட்டும் துடித்தது. இன்னொரு நோயாளியிடம் நடிகை ஹாலி பெர்ரிக்கு ஒன்று. அது அவருடைய முகத்துக்கு மட்டுமல்ல, திரையில் எழுத்தாக வந்த அவர் பெயருக்கும் துடித்தது. ஆக அந்த நரம்பணு பார்ப்பது உருவத்தை அல்ல, ‘இன்னார்’ என்ற கருத்தை.

இந்த வகைச் சோதனை என்றால் முதலில் உங்கள் தம்பியிடமே யாரைப் பிடிக்கும், எந்த ஊர்கள் பழக்கம் என்று கேட்டுப் படங்களைச் சேகரிப்பார்கள். தெரியாத முகத்தைக் காட்டிப் பயனில்லை. ரஜினி படம் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கச் சொல்லுங்கள். குடும்பப் படங்களும் கேட்கலாம். அதில் உங்கள் படமும் இருந்து, உங்களுக்கென்று துடிக்கும் ஒரு நரம்பணு கிடைத்தால் ஆச்சரியமில்லை.

இன்னும் இரண்டு முடிவுகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2008-இல், நோயாளிகளுக்குச் சில விநாடி வீடியோத் துண்டுகளைக் காட்டி, பிறகு ஞாபகம் வருவதைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு துண்டைப் பார்த்தபோது துடித்த அதே நரம்பணு, அதை நினைவுகூரும்போது, வாய் திறந்து சொல்வதற்குச் சற்று முன்பே மறுபடி துடித்தது. 2015-இல் இன்னொன்று: ஒருவரின் படத்துக்குத் துடிக்கும் நரம்பணுவைக் கண்டுபிடித்து, அவரை ஓர் இடத்தோடு சேர்த்து ஒரே படமாகக் காட்டிப் பழக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தை மட்டும் காட்டினாலும் அதே நரம்பணு துடிக்கத் தொடங்கியது. ‘அவரை அங்கே பார்த்தேன்’ என்ற நினைவு உருவாவதை இதைவிட நெருக்கத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் படித்தால் உங்களுக்கு இரண்டாவது பயம் கூடத்தான் செய்யும். அப்படியானால் மனதைப் படித்துவிடலாமே? முடியாது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். நுண்கம்பிகளில் ஒரு நேரத்தில் கேட்பது சில பத்து, நன்றாக அமைந்தால் நூற்றுச் சொச்சம். அவையும் எதற்குத் துடிக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் முதலில் படத்தைக் காட்டிப் பழக்க வேண்டும். காட்டாத எதைப் பற்றியும் அவர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. உங்கள் தம்பியின் சம்பளம், காதல், ஏ.டி.எம். எண் எல்லாம் பத்திரம்.

அந்தரங்கம் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. வார்த்தைச் சோதனையில் பதில்கள் குரலாகப் பதிவாகின்றன. குரலை வைத்து ஆளை அடையாளம் காணலாம். மூளையின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தையே திரும்ப வரைந்துவிடலாம் என்பதால், பிறரோடு பகிரும் முன் முகப்பகுதியை அழித்துவிடுவது நல்ல வழக்கம். இப்போது இத்தகைய தரவுகளைப் பெயர் நீக்கி மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுப்பது சகஜம், அறிவியலுக்கு அது நல்லதும்கூட. தம்பி கேட்க வேண்டியது: ‘என் குரல் பதிவு யாரிடம் போகும்? எம்.ஆர்.ஐ.யில் முகம் நீக்கப்படுமா? பாதியில் விலகினால் அதுவரை எடுத்ததை என்ன செய்வீர்கள்?’ ஒழுங்கான குழு என்றால் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். நுண்கம்பி விஷயத்தையும் அங்கேயே கேட்கட்டும். அது சிகிச்சைக்குத் தேவையான பகுதியா, ஆராய்ச்சிக்காகச் சேர்ப்பதா என்று. சேர்ப்பது என்றால் அதற்கான சம்மதத்தை அறுவை சிகிச்சைக்கு முன்பே தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

கரண்ட். உங்கள் கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான், ஏனென்றால் ‘கேட்பது’ ஒன்று, ‘கொடுப்பது’ வேறொன்று. பதிவு செய்யும்போது எலெக்ட்ரோடு வெறுமனே கேட்கிறது, எதையும் உள்ளே அனுப்புவதில்லை. ஆனால் சிகிச்சைக்காகவே சில வேளைகளில் மிகச் சிறிய மின்தூண்டல் கொடுப்பார்கள், பேச்சுக்கான இடம் எங்கே என்று தெரிந்துகொண்டு அதைத் தொடாமல் இருப்பதற்காக. அதற்குப் பயப்பட வேண்டாம், அது தேவையானது. மூளைக்கு வலி உணர்வு கிடையாது என்பதால் வலிக்கவும் வலிக்காது.

ஆராய்ச்சிக்கான தூண்டல் தனிக்கதை. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கையில் டெம்போரல் பகுதியைத் தூண்டியபோது சிலருக்குப் பழைய பாட்டு கேட்டது, பழைய காட்சி வந்தது. மூளை எல்லாவற்றையும் டேப் போலப் பதிந்து வைத்திருக்கிறது என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. 1963-இல் அவரே கொடுத்த கணக்கில், டெம்போரல் பகுதியில் தூண்டப்பட்ட 520 பேரில் 40 பேருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. பிறகு நினைவை மேம்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். 2012-இல் மிகச் சில நோயாளிகளிடம், ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்தில் உள்ள எண்டோரைனல் பகுதியைத் தூண்டியபோது வழி ஞாபகம் கூடியது என்று ஒரு முடிவு. 2016-இல் 49 பேரிடம் எண்டோரைனல் பகுதியையும் ஹிப்போகேம்பஸையும் தூண்டியபோது நினைவு குறைந்தது. 2018-இல் கஹானா குழு புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. மூளை சரியாகப் பதியவில்லை என்று கணினி கணிக்கும் தருணத்தில் மட்டும் டெம்போரல் பகுதியின் வெளிப்புறத்தைத் தூண்டியபோது நினைவுகூரல் சுமார் 15 சதவீதம் கூடியது. அருமையான வேலை, ஆனால் இன்னும் சோதனைக் கட்டம்தான். சோதனை நேரத்தில் நினைவு குறைவது தூண்டலின் உடனடி விளைவு. ஆனால் தூண்டல் வலிப்பைக் கிளப்பவும் வாய்ப்பு உண்டு, அதனால்தான் மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்வார்கள்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பதிவு மட்டும் என்றால், என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் ‘போய்க் கலந்துகொள்’ என்பேன். தூண்டல் உண்டு என்றால், அது எந்த இடத்தில், எவ்வளவு, அதே நாளில் மருந்து எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்ட பிறகு தனியாக முடிவு செய்யச் சொல்வேன். ஒன்றுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சை செய்யும் மருத்துவரே ஆராய்ச்சிக்கும் சம்மதம் கேட்கும்போது மறுக்கக் கூச்சமாக இருக்கும், அது எல்லா ஊரிலும் உள்ளது. வேறொருவர் வந்து விளக்கட்டும் என்று கேட்கலாம்.

மறதிக்கு வருவோம். வெறும் பதிவால் மறதி அதிகமாகாது. இப்போதிருக்கும் மறதிக்கு, வலிப்பும் மருந்தும் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம்: இரண்டு வலிப்புகளுக்கு நடுவிலும் ஹிப்போகேம்பஸில் சின்னச் சின்ன மின்வெடிப்புகள் நடக்கும். வெளியே யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. ஆனால் அந்த நொடியில் பதிய வேண்டியது பதியாமல் போகலாம். ‘கவனமில்லாதவன்’ என்று வீட்டில் திட்டியிருந்தால் இனி வேண்டாம்.

உண்மையான நினைவு ஆபத்து ஆபரேஷனில் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்புக்காக இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றினார் வில்லியம் ஸ்கோவில். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் சாகும் வரை அவரால் புதிய அனுபவம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பல வருடங்கள் ஆராய்ந்துதான் நினைவுக்கு ஹிப்போகேம்பஸ் எவ்வளவு அவசியம் என்று உலகுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் எடுக்கும்போதுகூட, மற்ற பக்கம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்தே எடுப்பார்கள். பேச்சு இடது மூளையில் இருப்பவருக்கு இடது பக்கம் எடுத்தால் பெயர்கள், வார்த்தைகள் ஞாபகம் வருவதில் குறை வரும் வாய்ப்பு அதிகம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கனடாவில் 80 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியான ஒப்பீட்டில், டெம்போரல் ஆபரேஷனுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்து சுயநினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 8 சதவீதம். இப்போது வைக்கப்போகும் கம்பிகள் சொல்வதைப் பொறுத்துத்தான் உங்கள் தம்பி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார் என்று தெரியும். ஆபரேஷனே வேண்டாம் என்ற முடிவுக்குக்கூட அது கொண்டுபோகலாம்.

இந்தியாவுக்குக் கூட்டி வரலாமா? இங்கே வசதி இல்லை என்று இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதலே வலிப்பு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆனால் பரிசோதனைகள் முடிந்து, குழு ஒன்று அவரை அறிந்து, தேதியும் நெருங்கிவிட்ட நிலையில் இடம் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் சிக்கல் எதுவும் இல்லையென்றால் அங்கேயே நடக்கட்டும்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த இரண்டு வாரத்தில் யாராவது ஒருவர் கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள், நண்பராக இருந்தாலும் போதும். வலிப்பு வரும்போது வழக்கமானதுதானா, வேறு மாதிரியா என்று பார்த்தவுடன் சொல்ல, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். வலிப்பு வந்த அன்று ஆராய்ச்சியை ஒத்திப்போடச் சொல்லவும் அவர் உதவுவார், தம்பி அந்த நிலையில் சொல்லமாட்டார். அப்புறம், வீடியோ காலில் தலைக்கட்டையும் ஒயரையும் உங்கள் அம்மா பார்ப்பதற்கு முன்பாக அவரிடம் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.